வீடு சேர்த்த பிறகு

(ஊரப்பாக்கத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

மீட்கப்பட்ட நாய்க்கு வீடு தேடித் தருவதில் உள்ள சிக்கல்களைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். தெரு நாய் என்றாலே நம் ஊரில் பேச்சு இரண்டாகப் பிரிந்துவிடுகிறது. பிடித்துக்கொண்டு போங்கள் என்று ஒரு பக்கம், பாவம் விட்டுவிடுங்கள் என்று இன்னொரு பக்கம். இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு சிறு கூட்டம் ஓசைப்படாமல் வேலை செய்கிறது. வண்டியில் அடிபட்டதையும் வாசலில் கட்டிப்போட்டு விட்டுப்போனதையும் தூக்கி வந்து, மருந்து போட்டு, வாட்ஸ்அப்பில் படம் அனுப்பி, யாராவது எடுத்துக்கொள்வார்களா என்று கேட்டுக் கேட்டு ஒரு வீட்டில் சேர்க்கிறது. அந்தக் கூட்டத்துக்கும், அவர்களிடமிருந்து நாயை வாங்கிக்கொள்ள நினைக்கும் குடும்பங்களுக்கும் நான் சொல்ல வந்தது ஒன்றுதான். நாயை மீட்க இரக்கம் போதும். ஒரு வீட்டில் அதை நிலைக்க வைக்க ஏற்பாடு வேண்டும். கையில் கொடுத்த அன்றே கடமை முடிந்தது என்று எண்ணுவதால்தான் பல தத்துகள் முறிகின்றன. உண்மையில் அன்றுதான் வேலையின் கடினமான பகுதி தொடங்குகிறது.

ஊரப்பாக்கம் போன்ற ஊருக்கு இது அவசரமான விஷயம். ஜி.எஸ்.டி. சாலையின் இரு பக்கமும் ஏரிக்கரை வரை மனை போட்டு வீடுகள் எழும்பிவிட்டன. நடுநடுவே காலி மனைகள் கிடக்கின்றன. பழைய கிராமத்து நாய்கள் இருந்த இடத்திலேயே இருக்க, வாங்கி வளர்த்துக் கைவிடப்பட்டவையும் அவற்றோடு வந்து சேர்கின்றன. 2021-ல் தாம்பரம் மாநகராட்சி உருவானபோது அதன் எல்லை பெருங்களத்தூர், பீர்க்கன்காரணையோடு நின்றது. ஊரப்பாக்கம் ஊராட்சியாகவே இருந்தது. 2023 டிசம்பர் 30-ல் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறக்கப்பட்டதும் மாநகரத்தின் நெரிசல் வாசலுக்கே வந்துவிட்டது. இதன்மேல் உச்ச நீதிமன்றத்தின் இரண்டு உத்தரவுகள் வந்திருக்கின்றன. 2025 ஆகஸ்ட் 22-ஆம் தேதி உத்தரவு, விருப்பமுள்ளவர்கள் உள்ளாட்சி அமைப்பிடம் விண்ணப்பித்துத் தெரு நாயைத் தத்தெடுக்கலாம் என்றது. அப்படி எடுத்த நாய் மறுபடி தெருவுக்கு வராமல் பார்த்துக்கொள்வது எடுத்தவரின் பொறுப்பு என்றும் சொன்னது. அதே ஆண்டு நவம்பர் 7-ஆம் தேதி உத்தரவு, பள்ளி, கல்லூரி, மருத்துவமனை, பேருந்து நிலையம், ரயில் நிலையம் ஆகிய இடங்களில் பிடிக்கும் நாய்களைக் கருத்தடைக்குப் பின்னும் அங்கேயே விடக் கூடாது, காப்பகத்தில் வைக்க வேண்டும் என்றது. முனையமும் ரயில் நிலையமும் கல்வி நிலையங்களும் அடுத்தடுத்து நிற்கும் இந்தப் பகுதிக்கு இதன் பொருள் தெளிவானது. உள்ளே வரும் நாய்களுக்கு வெளியே போகும் வழி இல்லாவிட்டால் எந்தக் காப்பகமும் சில மாதங்களில் நிரம்பிவிடும். அந்த வழி, வீடுகள்தாம்.

முதல் சிக்கல், எந்த நாய்க்கு வீடு தேட வேண்டும் என்பதிலேயே இருக்கிறது. 2024-ல் சென்னை மாநகராட்சி எடுத்த கணக்கெடுப்பில் நகருக்குள் மட்டும் சுமார் 1.8 லட்சம் தெரு நாய்கள் இருந்தன. இத்தனைக்கும் வீடு பிடித்துவிடலாம் என்று யாரும் நம்பக் கூடாது. எண்ணிக்கையைக் குறைப்பது கருத்தடையின் வேலை. 2023-ஆம் ஆண்டின் விலங்கு இனக்கட்டுப்பாட்டு விதிகளும், கருத்தடையும் வெறிநோய்த் தடுப்பூசியும் செய்த நாயைப் பிடித்த இடத்திலேயே விட வேண்டும் என்பதை அடிப்படையாகக் கொண்டவை. பிறந்ததிலிருந்து ஒரே தெருவில் வளர்ந்து, அந்தத் தெருவாசிகளோடு பழகி, உடல்நலத்தோடு இருக்கும் பெரிய நாயை இரக்கப்பட்டு இரண்டாம் மாடிக் குடியிருப்புக்குள் கொண்டுபோய் அடைப்பது அதற்கு நன்மை ஆகாது. வீடு தேவைப்படுபவை வேறு. வீட்டுக்குள் வளர்ந்து பிறகு கைவிடப்பட்ட லேப்ரடார், பக் போன்றவை. கால் போன, கண் போன நாய்கள். பொது இடங்களிலிருந்து அகற்றப்பட்டுத் திரும்ப முடியாதவை. தாயை இழந்த குட்டிகள். குட்டிகளைப் பொறுத்தவரை கொல்கத்தாவின் ஐ.ஐ.எஸ்.இ.ஆர். என்ற அறிவியல் கல்வி நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2016-ல் வெளியிட்ட கணக்கு நம்மை உலுக்க வேண்டியது. மேற்கு வங்கத்தில் 95 ஈற்றுகளில் பிறந்த 364 தெருக் குட்டிகளைத் தொடர்ந்து கவனித்ததில், இனம்பெருக்கும் வயதுவரை பிழைத்தவை 19 சதவீதம்தான். இறந்தவற்றில் 63 சதவீதம் ஏதோ ஒருவகையில் மனிதர்களால் இறந்தவை. ஒரு குட்டிக்கு நல்ல வீடு கிடைப்பது எவ்வளவு பெரிய காரியம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

இனி, வீடு தேடும்போது முதலில் எதிர்ப்படும் தயக்கத்தைப் பார்ப்போம். அடிபட்ட நாய், ஏற்கெனவே யாரிடமோ வளர்ந்த நாய், இனி நம்மோடு ஒட்டுமா என்று கேட்கிறார்கள். குட்டியாக வாங்கினால்தான் பாசம் வைக்கும் என்ற நம்பிக்கை நம்மிடையே வலுவாக இருக்கிறது. அதில் பாதி உண்மை உண்டு. அமெரிக்காவின் பார் ஹார்பர் ஆய்வகத்தில் ஸ்காட், ஃபுல்லர் இருவரும் பல ஆண்டுகள் நடத்தி 1965-ல் நூலாக வெளியிட்ட ஆய்வு, குட்டியின் மூன்றாவது வாரத்திலிருந்து பன்னிரண்டாவது வாரம் வரை மனிதர்களோடு பழகுவதற்கு மிக முக்கியமான காலம் என்று காட்டியது. அந்தக் காலத்தில் மனிதக் கையே படாத நாய்க்குப் பயம் எளிதில் போகாது. ஆனால் வளர்ந்த நாய் புதிதாக ஒட்டாது என்பது உண்மையில்லை. 2001-ல் ஹங்கேரி ஆய்வாளர்கள் காப்பகத்து நாய்களை ஒரு புதிய மனிதர் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் பத்து நிமிடம்போலக் கவனித்துப் பழகச் செய்தார்கள். அந்தச் சிறு பழக்கத்துக்குப் பிறகே, வீட்டு நாய் தன் சொந்தக்காரரிடம் காட்டும் பற்றின் அடையாளங்களை அவை அந்த மனிதரிடம் காட்டின. நம் நாட்டுத் தெரு நாய்களை 2017-ல் ஆராய்ந்த கொல்கத்தா குழுவும், முன்பின் தெரியாத மனிதரை நம்பத் தொடங்குவதற்கு உணவைவிடத் தலையைத் தடவிக்கொடுப்பதே அவற்றுக்குப் பெரிதாக இருக்கிறது என்று கண்டது. ஆகவே குறை நாயின் மனத்தில் இல்லை. ஒட்டுவதற்கு அது ஆயத்தமாகவே இருக்கிறது. ஒட்டுவதற்கான நாட்களை நாம் தருவதில்லை.

அந்த முதல் நாட்களைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும், ஏனெனில் பெரும்பாலான முறிவுகள் அங்கேதான் விதைக்கப்படுகின்றன. ஒரு மாவட்டக் காப்பகத்து நாய்களின் ரத்தத்தை 1990-களில் ஆராய்ந்த ஹென்னஸி என்ற ஆய்வாளரின் குழு, வந்து சேர்ந்த முதல் மூன்று நாட்களில் கார்டிசால் என்ற பதற்றச் சுரப்பு உயர்ந்திருப்பதைக் கண்டது. புதிய வீடும் நாய்க்கு முதலில் ஒரு புதிய அடைப்புதான். அது கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். தட்டில் வைத்த சோற்றை ஆள் இருக்கும்வரை தொடாது. விளக்கணைத்த பிறகு வந்து அவசரமாகத் தின்றுவிட்டு மறுபடி உள்ளே போகும். துடைப்பத்தைக் கையில் எடுத்தாலே சுவரோடு ஒட்டும் அல்லது உறுமும். வீட்டுக்குள் சிறுநீர் போகும். மிக்ஸி ஓடினால் நடுங்கும். இதே நேரத்தில் வீட்டிலும் ஓர் எதிர்பார்ப்பு இருக்கிறது. வாலாட்டி ஓடிவரும் என்று பிள்ளைகள் காத்திருக்கிறார்கள், உறவினர்கள் பார்க்க வருகிறார்கள், ஆளாளுக்குத் தூக்கப் பார்க்கிறார்கள். நான்காம் நாள், “இது செட் ஆகல” என்று மீட்டவருக்குத் தொலைபேசி வருகிறது. மூன்று நாள் பதற்றம், மூன்று வாரம் பழக்கம், மூன்று மாதம் நிலைகொள்ளல் என்று காப்பகக்காரர்கள் ஒரு கணக்குச் சொல்வார்கள். இது அனுபவத்தில் வந்த தோராயக் கணக்குதான், ஒவ்வொரு நாய்க்கும் மாறும். ஆனாலும் நாயை ஒப்படைக்கும்போது இந்த ஒரு செய்தியை மட்டும் குடும்பத்தார் அனைவருக்கும் புரியவைத்தால், நான்காம் நாள் அழைப்புகளில் பல வராமலே போகும்.

முதல் வாரத்தின் மிகப் பெரிய ஆபத்து தப்பி ஓடுவது. கேஸ் சிலிண்டர் போட வந்தவருக்குக் கேட்டைத் திறக்கிறார்கள். நாய் அவர் காலுக்கிடையில் நழுவி வெளியே போய்விடுகிறது. அதற்கு அந்தத் தெரு தெரியாது, புதிய பெயர் காதில் இன்னும் ஏறவில்லை, கூப்பிட்டால் வராது. விரட்டினால் இன்னும் வேகமாக ஓடும். ஓடினால் ஒரு பக்கம் ரயில் பாதை, ஒரு பக்கம் ஜி.எஸ்.டி. சாலை. நடக்க அழைத்துப் போகும்போதும் இதே கதைதான். பயந்த நாய் பின்னோக்கி இழுக்கும். கழுத்துப் பட்டை காதைத் தாண்டிக் கழன்று கையில் நின்றுவிடும். இதற்கெல்லாம் பெரிய செலவு வேண்டாம். மார்பைச் சுற்றிக் கட்டும் ஹார்னஸ், அதோடு தனியாக ஒரு கழுத்துப் பட்டை, அதில் தொலைபேசி எண் பொறித்த சிறு தகடு, கேட்டின் அடிப்பகுதி இடைவெளிக்கு வலை, வாசலுக்கும் கூடத்துக்கும் நடுவே இன்னொரு கதவை எப்போதும் சாத்திவைக்கும் பழக்கம். தீபாவளிக்கு முந்தைய வாரத்தில் புதிய நாயை எந்த வீட்டுக்கும் அனுப்பாமல் இருப்பதும் இந்த வரிசையில் வரும். நாயைக் கொடுப்பவர், கொடுப்பதற்கு முன் அந்த வீட்டுக்கு ஒருமுறை போய் இவற்றைத் தம் கண்ணால் பார்த்துவிட வேண்டும். படிவத்தில் “கேட் உண்டு” என்று எழுதியிருப்பது போதாது.

வீட்டைப் பார்க்கப் போவதற்கு அதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. விண்ணப்பிப்பவர் பெரும்பாலும் வேலைக்குப் போகும் இளைஞர் அல்லது இளம்பெண். காலை ஏழரைக்கு நிறுவனப் பேருந்தில் சிறுசேரிக்கோ ஒரகடத்துக்கோ போய்விட்டு இரவு திரும்புபவர். பகல் முழுக்க நாயோடு இருக்கப் போகிறவர் அம்மா. சோறு வைப்பதும், அள்ளிச் சுத்தம் செய்வதும், பக்கத்து வீட்டாரின் முணுமுணுப்பைக் கேட்பதும் அவரே. அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் முடிவான தத்து, அவர் உடம்புக்கு முடியாமல் போகும் முதல் வாரத்தில் முறியும். நம் குடும்பங்களில் நாய் திரும்பிவரும் காரணங்களைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். மகள் பிரசவத்துக்கு வருகிறாள். பையன் பிளஸ் டூ போகிறான். தாத்தா தடுக்கி விழுந்துவிட்டார். வேறு ஊருக்கு மாற்றல் வந்துவிட்டது. இவற்றில் எதுவும் கொடுமைக்காரரின் சாக்கு இல்லை. எந்தக் குடும்பத்திலும் வரக்கூடிய கட்டங்கள். நாயோ பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் வாழும். அந்த ஆண்டுகளுக்குள் இவற்றில் ஒன்றாவது வரத்தான் செய்யும். வந்தால் என்ன செய்வீர்கள் என்று முன்கூட்டியே கேட்டுப் பேசிவைப்பது அவநம்பிக்கை ஆகாது. கல்யாணம் பேசும்போது கேட்காத கேள்வியா?

அடுத்தது வாடகை வீடு. குடியிருப்போர் சங்கங்கள் நாய் வளர்ப்பதைத் தடைசெய்ய முடியாது என்று இந்திய விலங்கு நல வாரியம் 2015-லேயே வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. இதை நம்பி வாடகைக் குடும்பங்கள் துணிந்து நாயை எடுத்துவிடுகிறார்கள். ஆனால் அந்த வழிகாட்டுதல் சங்கங்களுக்கானது. தன் வீட்டை யாருக்கு, எந்த நிபந்தனையோடு வாடகைக்கு விடுவது என்பது வீட்டுக்காரரின் கையில் இருக்கிறது. பதினோரு மாத ஒப்பந்தம் முடியும்போது “நாய் இருந்தா காலி பண்ணிடுங்க” என்று ஒரு வார்த்தை வந்தால் முதலில் வெளியேறுவது நாய். தமிழ்நாட்டின் 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும் என்கிறது. அந்த எழுத்தை நாம் நமக்குச் சாதகமாக்கிக்கொள்ளலாம். நாய் வளர்க்க வீட்டுக்காரருக்குச் சம்மதம் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி, சேதம் ஏற்பட்டால் ஈடுசெய்வேன் என்று பதிலுக்கு ஒரு வரி. வாய்ப்பேச்சுச் சம்மதத்தை நம்பி நாயைக் கொடுப்பவர், அந்த நாயின் அடுத்த கைவிடலுக்குத் தேதி குறித்துக் கொடுக்கிறார்.

இப்போது என் வாதத்தின் மையத்துக்கு வருகிறேன். நல்ல மனிதர்கள் செய்யும் நல்ல தத்தும் சில நேரம் தோற்கும். தோற்றால் நாய் எங்கே போகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கொடுத்தவர் கோபிப்பார், குழுவில் பெயர் நாறும் என்று பயந்தவர் சொல்லாமல் கொள்ளாமல் வண்டியில் ஏற்றி வண்டலூர் காட்டோரத்திலோ ஏரிக்கரையிலோ இறக்கிவிடுவார். 1960-ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் 11-ஆவது பிரிவு, பசியாலும் தாகத்தாலும் துன்புறும் நிலையில் விலங்கைக் கைவிடுவதைக் குற்றம் என்கிறது. ஆனால் முதல் குற்றத்துக்கு அபராதம் பத்து ரூபாயிலிருந்து ஐம்பது ரூபாய் வரைதான். இந்தச் சட்டத்துக்கு விதையிட்டவர் நம் ருக்மிணி தேவி அருண்டேல். அவர் காலத்து ஐம்பது ரூபாய்க்கு மதிப்பு இருந்தது. இன்று அது யாரையும் தடுக்காது. தண்டனையால் தடுக்க முடியாததை வழியமைத்துத்தான் தடுக்க வேண்டும். எனவே ஒவ்வொரு தத்தும் ஒரு வாக்குறுதியோடு நடக்க வேண்டும்: எப்போது முடியாமல் போனாலும், எந்தக் காரணமானாலும், நாயை எங்களிடமே திருப்பிக் கொடுங்கள், ஒரு வார்த்தை பேச மாட்டோம். இதைச் சொன்னால் பொறுப்பின்மை வளரும் என்பார்கள் சிலர். பொறுப்பில்லாதவருக்கு இந்த வழி தேவையே இல்லை, அவருக்கு நெடுஞ்சாலை இருக்கிறது. திருப்பிக் கொண்டுவருபவர் பொறுப்புள்ளவர். அவரை அவமதித்தால் அடுத்தவர் கொண்டுவர மாட்டார்.

திருப்பி வாங்க வேண்டுமானால் வைத்துக்கொள்ள இடம் வேண்டும். உடனே எல்லோரும் பெரிய கொட்டகை கட்ட வேண்டும் என்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு குறைவு. நூறு நாய்கள் ஒன்றாக அடைபட்ட இடத்தில் பார்வோ, டிஸ்டம்பர் போன்ற தொற்றுநோய்கள் புகுந்தால் குட்டிகள் மிஞ்சுவது கடினம். ஓயாத குரைப்பில் பயந்த நாய் மேலும் பயப்படும். 2019-ல் வெளியான ஓர் ஆய்வில், அமெரிக்காவின் ஐந்து காப்பகங்களிலிருந்து 207 நாய்களை ஓரிரு இரவுகள் மட்டும் வீடுகளில் தங்கவைத்தார்கள். அந்த இரவுகளில் கார்டிசால் இறங்கியது. காப்பகத்துக்குத் திரும்பியதும் பழைய நிலைக்கு வந்தது. தற்காலிகமாக ஒரு வீட்டில் தங்கவைக்கும் ஃபாஸ்டர் முறையே நம் புறநகருக்கு ஏற்றது. மூன்று வாரம் ஒரு நாயை வைத்துக்கொள்ள முன்வரும் பத்து வீடுகள் ஓர் ஊரில் இருந்தால் ஒரு கொட்டகையைவிட அது மேல். இன்னொரு பயனும் உண்டு. பூனையைக் கண்டால் என்ன செய்கிறது, தனியாக விட்டால் ஊளையிடுகிறதா, சாப்பிடும்போது கிட்டே போனால் உறுமுகிறதா என்பதெல்லாம் வீட்டில் வைத்தால்தான் தெரியும். அவற்றை மறைக்காமல் அடுத்த குடும்பத்துக்குச் சொல்லலாம். “ரொம்பச் சாது” என்று படத்துக்குக் கீழே எழுதி அனுப்பும் குழுக்கள், தெரியாததைத் தெரிந்ததாகச் சொல்கின்றன.

இங்கே நியாயமான ஓர் எதிர்ப்பு எழும். சிறு குழந்தைகள் உள்ள வீட்டில் முன்கதை தெரியாத நாயை எப்படி விடுவது? இந்தப் பயத்தை நான் சிறிதும் அலட்சியப்படுத்த மாட்டேன். 2024 மே மாதம் நுங்கம்பாக்கத்தில் மாநகராட்சிப் பூங்காவுக்குள் ஐந்து வயதுச் சிறுமியை இரண்டு ராட்வைலர் நாய்கள் கடித்துக் குதறியதை நகரம் மறக்கவில்லை. அவை மீட்கப்பட்ட நாய்கள் இல்லை, வளர்ப்பு நாய்கள். ஆபத்து, நாய் எங்கிருந்து வந்தது என்பதைவிட அது எப்படிக் கையாளப்படுகிறது என்பதைப் பொறுத்தது என்பதே அதிலிருந்து பெற வேண்டியது. கடித்த வரலாறு உள்ள நாயை அதை மறைத்துக் கொடுப்பது மன்னிக்கக் கூடாத செயல். அப்படிப்பட்ட நாய்க்குக் குழந்தையில்லாத, அனுபவமுள்ள வீடு வேண்டும். கிடைக்காவிட்டால் காப்பகமே அதற்கு இடம். எந்த நாயானாலும் சிறு குழந்தையோடு தனியே விடக் கூடாது. தின்னும்போதும் தூங்கும்போதும் பிள்ளைகள் தொடக் கூடாது. வெறிநோய்த் தடுப்பூசி ஒரு நாளும் தள்ளிப்போகக் கூடாது. இவ்வளவு நிபந்தனை போட்டால் யார் எடுப்பார்கள் என்று மீட்பவர்கள் கேட்கிறார்கள். எண்ணிக்கை குறையும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் திரும்பி வரும் ஒவ்வொரு நாயும் முன்பைவிட அதிகப் பயத்தோடு, அதிகக் கெட்ட பெயரோடு வருகிறது. அடுத்த வீடு கிடைப்பது இன்னும் கடினமாகிறது. அவசரத்தில் பத்து நாய்களைக் கொடுத்து ஐந்தைத் திரும்ப வாங்குவதைவிட, நிதானமாக ஆறு கொடுத்து ஆறும் நிலைப்பது நல்லது.

மனிதர்களுக்கே வீடில்லாத நாட்டில் நாய்க்கு வீடா என்ற கேள்வியும் வரும். அதற்கு என் பதில், இந்த வேலையின் பலன் முதலில் மனிதர்களுக்கே போகிறது என்பதுதான். கைவிடப்பட்ட, கருத்தடை செய்யாத, பயந்த நாயால் முதலில் துன்பப்படுவது காருக்குள் போகிறவர் இல்லை. விடியற்காலையில் குப்பை அள்ள வரும் தூய்மைப் பணியாளர், நடந்து பள்ளிக்குப் போகும் குழந்தை, இரவு வேலை முடித்து முனையத்திலிருந்து இருசக்கர வண்டியில் திரும்புபவர், இவர்கள்தாம். ஒரு தத்து முறியாமல் நிற்கும்போது இவர்கள் தெருவில் ஓர் ஆபத்து குறைகிறது.

என்ன செய்யலாம் என்பதைச் சொல்லி முடிக்கிறேன். 2023 விதிகள் இனக்கட்டுப்பாட்டுப் பொறுப்பை மாநகராட்சிகளோடு ஊராட்சிகளுக்கும் சேர்த்தே வைத்திருக்கின்றன. அந்தப் பொறுப்பின் பகுதியாக ஊராட்சி அலுவலகத்தில் தத்துப் பதிவேடு ஒன்று தொடங்கலாம். எந்த நாய், யாரிடம், கருத்தடை ஆனதா, தடுப்பூசி எப்போது, திருப்பிக் கொடுக்க யாரை அழைப்பது என்ற ஐந்து விவரங்கள் போதும். சென்னை மாநகராட்சி வளர்ப்பு நாய்களுக்கு உரிமத்தோடு மைக்ரோசிப்பையும் கட்டாயமாக்கியிருக்கிறது; தத்துக் கொடுக்கும் ஒவ்வொரு நாய்க்கும் இங்கேயும் அதைச் செய்யலாம். மீட்புக் குழுக்கள் எட்டு வாரத்துக்கு முன் எந்தக் குட்டியையும் கொடுப்பதில்லை என்று முடிவெடுக்கலாம். மூன்றாம் நாள், மூன்றாம் வாரம், மூன்றாம் மாதம் அழைத்துப் பேசும் பொறுப்பைப் பெயர் குறிப்பிட்டு ஒருவருக்குத் தரலாம். குடியிருப்போர் சங்கங்கள் ஃபாஸ்டர் வீடுகளின் பட்டியலை வைத்துக்கொள்ளலாம். 1959-ல் சென்னையில் தோன்றிய புளூ கிராஸ் தெரு நாய்களைக் கொல்லாமல் கருத்தடை செய்யும் வழியை முன்வைத்தது. 1996-ல் சென்னை மாநகராட்சி அதை ஏற்றது. 2001-ல் நாடு முழுவதற்கும் அது விதியாயிற்று. சில தனிமனிதர்களின் இரக்கம் ஓர் ஒழுங்கான ஏற்பாடாக மாறியதால்தான் அது நடந்தது. தத்து இன்னும் தனிமனிதர்களின் இரக்கமாகவே நிற்கிறது. அதையும் ஏற்பாடாக மாற்றுவது பெரிய நகரத்தைவிட, ஒருவரையொருவர் தெரிந்த இப்படிப்பட்ட ஊரில் எளிது. இந்த ஆண்டே அதைத் தொடங்குங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.